லேப் ரிப்போர்ட்ல "மேட்ச்"னு வந்தா அதுக்கு என்ன அர்த்தம்?

"இப்போ லேப்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு வரைக்கும் தனிமங்களை அளக்குற மெஷின் வந்தாச்சு, சம்பவ இடத்துல கிடைச்சதும் சந்தேக நபர்கிட்ட கிடைச்சதும் ஒன்னுதான்னு மெஷினே சொல்லிடுது, அப்புறம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எதுக்கு, வக்கீல்கள் கேஸை இழுக்குறதுக்கா?" இதுதானே உங்க கேள்வி. கொஞ்சம் நீளமாத்தான் பதில் சொல்லணும், ஏன்னா இதே நினைப்புலதான் அமெரிக்காவுல ஒரு பெரிய லேப் பல வருஷம் கோர்ட்ல சாட்சி சொல்லிட்டு இருந்துச்சு, அதை நம்பி ஜூரிகள் தீர்ப்பும் குடுத்துட்டு இருந்தாங்க.

முதல்ல ஒன்னு. மெஷின் "ரெண்டும் ஒன்னு"ன்னு எப்பவும் சொல்றதில்ல. மெஷின் குடுக்குறது வெறும் நம்பர். ஒரே துண்டை மூணு தடவை அளந்தா மூணு நம்பர் வரும், மூணும் கொஞ்சம் கொஞ்சம் வேற வேறயா இருக்கும். அப்போ ரெண்டு சாம்பிளோட நம்பர் எவ்ளோ கிட்ட இருந்தா ஒன்னுன்னு எடுத்துக்கலாம்ங்கிறது ஒரு மனுஷன் வகுத்த விதி, அந்த விதி சரியா தப்பான்னு சொல்றது கெமிஸ்ட்ரி இல்ல, ஸ்டாட்டிஸ்டிக்ஸ். அதைத் தாண்டினா ரெண்டாவது கேள்வி ஒன்னு இருக்கு, அதுதான் பெருசு: சரி, ரெண்டும் ஒத்துப்போகுது, ஆனா இதே மாதிரி ஒத்துப்போற பொருள் வெளியில இன்னும் எத்தனை இருக்கு?

இந்த ரெண்டு கேள்வியும் எங்க மோசமா கோட்டை விடப்பட்டுச்சுன்னா, துப்பாக்கிக் குண்டு ஈயத்துல. அதை விரிவா சொல்றேன்.

துப்பாக்கிக் குண்டு நல்லா இருந்தா அதுல இருக்குற வரிகளை வச்சு எந்தத் துப்பாக்கியில இருந்து வந்துச்சுன்னு பார்ப்பாங்க. குண்டு நசுங்கிப் போச்சு, இல்ல துப்பாக்கியே கிடைக்கலைன்னா அந்த வழி அடைபட்டுடும். அப்போ வந்த யோசனை, குண்டோட ஈயத்துல கலந்திருக்குற மத்த தனிமங்களை அளந்து, சந்தேக நபர் வீட்டுல இருந்த பெட்டிக் குண்டுகளோட ஒப்பிட்டுப் பார்க்கலாமேன்னு. 1963ல அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொலை வழக்குல, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ (மேல சொன்ன பெரிய லேப் இவங்களோடதுதான்) இதை முயற்சி பண்ணுச்சு, அப்புறம் அது ஒரு வாடிக்கையான டெஸ்ட்டாவே ஆயிடுச்சு. ஆரம்பத்துல நியூட்ரான் ஆக்டிவேஷன், பின்னாடி ஐசிபி, ரெண்டுமே தனிமங்களை அளக்குற முறைதான். ஒரு குண்டுல இருந்து மூணு சின்னத் துண்டு வெட்டி, ஆசிட்ல கரைச்சு, ஆர்சனிக், ஆன்டிமனி, தகரம், தாமிரம், பிஸ்மத், வெள்ளி, காட்மியம்னு 7 தனிமத்தை அளப்பாங்க. 1980கள்ல இருந்து சுமார் 2,500 வழக்குகள்ல இதைச் செஞ்சிருக்காங்க, அதுல 20 சதவீதத்துக்கும் கம்மியான வழக்குலதான் ரிசல்ட் விசாரணையில சாட்சியமா வந்துச்சுன்னு எஃப்பிஐயே சொல்லியிருக்கு. கம்மின்னு தோணலாம், ஆனா 2,500ல 20 சதவீதம்னா 500 வரைக்கும் வரலாம், அதுல எவ்ளோ ஆயுள் தண்டனை, எவ்ளோ மரண தண்டனை வழக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

அளவு எடுத்த விதத்துல பெரிய குறை இல்ல, இதை நான் அழுத்திச் சொல்லணும். கருவி நல்ல கருவி, கெமிஸ்ட்டுகள் நல்லா வேலை செஞ்சவங்க. கோளாறு நம்பர் வந்ததுக்கு அப்புறம்தான்.

அவங்க வச்சிருந்த விதி இது. ஒரு குண்டோட மூணு அளவுக்கும் சராசரி எடு, எஸ்டி (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) எடு, அதாவது அளவுகள் எவ்ளோ சிதறியிருக்குங்கிற கணக்கு. சராசரிக்கு மேல ரெண்டு எஸ்டி, கீழ ரெண்டு எஸ்டின்னு ஒரு பட்டை போடு. ரெண்டாவது குண்டுக்கும் அதே மாதிரி ஒரு பட்டை. 7 தனிமத்துலயும் ரெண்டு பட்டையும் ஒன்னை ஒன்னு தொட்டுக்கிச்சுன்னா, வேறுபடுத்த முடியாத குண்டுகள்னு ரிப்போர்ட். கேக்க நியாயமாத்தான் இருக்கு, ஆனா ஒரு தனிமத்துக்குக் கணக்கு போட்டுப் பாருங்க. முதல் குண்டோட சராசரி 100, எஸ்டி 2, அப்போ பட்டை 96ல இருந்து 104. ரெண்டாவது குண்டோட சராசரி 107, எஸ்டி அதே 2, பட்டை 103ல இருந்து 111. 103க்கும் 104க்கும் நடுவுல தொட்டுக்கிச்சு, அதனால ஒத்துப்போகுதுன்னு முடிவு. ஆனா மூணு மூணு அளவோட சராசரிங்களுக்கு நடுவுல வரக்கூடிய பிழை சுமார் 1.6 தான், வித்தியாசமோ 7. நாலு மடங்குக்கு மேல! ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்ச யாருகிட்ட குடுத்தாலும் இது ரெண்டும் வேற வேற குண்டுன்னு யோசிக்காம சொல்லுவாங்க.

இதைவிட மோசமான ஒன்னு இந்த விதிக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு. அலட்சியமா அளந்தா எஸ்டி பெருசா வரும், எஸ்டி பெருசானா பட்டை அகலமாகும், பட்டை அகலமானா மேட்ச் கூடும். சுத்தமா வேலை செஞ்சா மேட்ச் குறையும், கை நடுங்கி வேலை செஞ்சா மேட்ச் கூடும்ங்கிற மாதிரி ஒரு விதியை வச்சுக்கிட்டு ஒருத்தரோட வாழ்க்கையை முடிவு பண்ணக்கூடாது இல்லையா. போதாக்குறைக்கு மூணே மூணு அளவுல இருந்து எஸ்டி கணக்கு போட்டா அந்த எஸ்டியையே நம்ப முடியாது, ஒரு தடவை 1 வரும் இன்னொரு தடவை 3 வரும். நிறைய குண்டுகளோட அளவுகளைச் சேர்த்து ஒரு பொது எஸ்டி எடுத்தாத்தான் அது நிலையா நிக்கும்.

சங்கிலி போடுறதுன்னு இன்னொரு பழக்கமும் இருந்துச்சு. ஏ குண்டு பி குண்டோட தொட்டுக்குது, பி குண்டு சி குண்டோட தொட்டுக்குது, அதனால மூணும் ஒரே குரூப். ஏவும் சியும் நேரடியா தொட்டுக்கவே இல்லைன்னாலும் சரி. 100, 107, 114னு போய்க்கிட்டே இருக்கலாம், கடைசியில குரூப் அவ்ளோ அகலமாயிடும், சம்பவ இடத்துக் குண்டு எது வந்தாலும் உள்ள விழுந்துடும்.

இதெல்லாம் முதல் கேள்வி. இப்போ ரெண்டாவது, எத்தனை குண்டு இப்படி ஒரே மாதிரி இருக்கும்?

குண்டுக்கு வர்ற ஈயத்துல பெரும்பகுதி பழைய கார் பேட்டரிகளை உருக்கி எடுக்குற ஈயம். கெட்டியா இருக்க ஆன்டிமனி சேர்ப்பாங்க. பெரிய கொப்பரையில உருக்கி, கட்டியா வார்த்து, குண்டு கம்பெனிக்கு அனுப்பி, அங்க கம்பியா இழுத்து, துண்டு துண்டா வெட்டி, அச்சுல அழுத்தி, தொட்டியில கொட்டி வச்சு, அப்புறம் பெட்டியில அடைப்பாங்க. தொட்டியில கொட்டும்போது நேத்து உருக்கினது, போன மாசம் உருக்கினது எல்லாம் கலந்துடும், அதனால ஒரே பெட்டியில பல வார்ப்போட குண்டு இருக்கும், ஒரே வார்ப்போட குண்டு ஆயிரக்கணக்கான பெட்டிக்குப் போகும். அமெரிக்காவோட தேசிய ஆய்வுக் கவுன்சில் 2004ல இதைப் பத்தி ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. வேறுபடுத்த முடியாத அளவுக்கு ஒரே மாதிரி இருக்குற ஈயத்தோட அளவை வச்சு, அதுல இருந்து பாயின்ட் 22ங்கிற சின்ன ரகக் குண்டு எத்தனை வரும்னு அதுல பார்த்திருக்காங்க. 12,000ல இருந்து 3.5 கோடி வரைக்கும்! வருஷத்துக்கு அங்க மொத்தம் தயாராகுற குண்டு சுமார் 900 கோடி. அப்போ "ஒத்துப்போகுது"ங்கிற சொல்லுக்குள்ள 12,000 குண்டும் இருக்கலாம், 3.5 கோடி குண்டும் இருக்கலாம், எதுன்னு சாட்சி சொல்றவருக்கே தெரியாது.

இதோட ஊர் கணக்கும் சேரும். நம்ம தெருவுல ஒரே ஒரு மாவுக்கடை இருக்குன்னு வைங்க, நாலு வீட்டு ஃபிரிட்ஜுல இருக்குற இட்லி மாவை எடுத்து டெஸ்ட் பண்ணா நாலும் ஒத்துப்போகும், அதை வச்சு இவங்க வீட்டு மாவுதான் அங்க சிந்திக் கிடக்குன்னு சொல்ல முடியுமா? அதே மாதிரி ஒரு சின்ன ஊருக்கு ஒரே லாட் குண்டு வந்து இறங்கியிருந்தா, அந்த ஊர்ல துப்பாக்கி வச்சிருக்குற பாதிப் பேர் வீட்டுப் பெட்டியும் சம்பவ இடத்துக் குண்டோட ஒத்துப்போகும். கடைகள்ல குண்டு எப்படிப் பரவிப் போகுதுங்கிற தகவல் அந்த சாட்சியங்கள்ல எங்கயும் இல்ல. ஆனா ஒரே பெட்டியில இருந்து வந்திருக்கும், ஒரே நாள்ல செஞ்சிருக்கும்னெல்லாம் நிபுணர்கள் ஜூரி முன்னாடி சொன்னாங்க. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லைன்னு அந்த அறிக்கை நேரடியாவே சொல்லிடுச்சு. ஒப்பீட்டுக்கு ரெண்டு சராசரியோட வித்தியாசத்தைப் பிழையோட சேர்த்துப் பார்க்குற டி டெஸ்ட், இல்லைன்னா 7 தனிமத்தையும் சேர்த்துப் பார்க்குற ஹோட்டலிங் டெஸ்ட், பொது எஸ்டி, சங்கிலி கூடவே கூடாதுன்னு பரிந்துரையும் குடுத்துச்சு. 2005 செப்டம்பர்ல எஃப்பிஐ இந்த டெஸ்ட்டையே நிறுத்திடுச்சு.

இதுல எஃப்பிஐ லேப்ல உலோகவியல் நிபுணரா இருந்து ஓய்வுபெற்ற வில்லியம் டோபினைச் சொல்லாம விட முடியாது. தான் வேலை செஞ்ச லேபோட முறையையே எதிர்த்து, உலோகவியல் நிபுணர் எரிக் ராண்டிச், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நிபுணர் கிளிஃப் ஸ்பீகல்மன் மாதிரி ஆளுங்களோட சேர்ந்து அவர் வேலை செய்யலைன்னா இது இன்னும் எத்தனை வருஷம் ஓடியிருக்குமோ.

1995ல பால்டிமோர்ல ஒரு போலீஸ் சார்ஜன்ட் மேல நடந்த கொலை வழக்கைப் பாருங்க. எஃப்பிஐ நிபுணர் ஒருத்தர் வந்து ஈய சாட்சியம் சொல்றார், தண்டனை ஆகுது. அதே நிபுணர் 1991ல மத்தவங்களோட சேர்ந்து எழுதின ஆய்வுக் கட்டுரை ஒன்னு இருக்கு, பல மாசம் தள்ளி வேற பெட்டியில அடைச்ச குண்டுகள்லயும் ஒரே கலவை இருந்துச்சுன்னு அதுல அவங்களே பதிவு பண்ணியிருக்காங்க. முறையோட அடித்தளத்தையே ஆட்டக்கூடிய தகவல், ஆனா சார்ஜன்ட் தரப்பு வக்கீல் அதைத் தேடி எடுக்கல. 2006ல இன்னொரு வழக்குல மேரிலாந்து கோர்ட் இந்த டெஸ்ட்டை சாட்சியமா ஏத்துக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு, அதுக்கப்புறம், வக்கீல் சரியா வாதாடலைங்கிற காரணத்துல சார்ஜன்ட்டுக்கு மறு விசாரணையும் கிடைச்சுது, ஆனா 2015ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு: 1995ல எல்லாரும் ஏத்துக்கிட்டு இருந்த டெஸ்ட், வக்கீல் சந்தேகப்படலைன்னு குறை சொல்ல முடியாதுன்னு. அந்த மனுஷன் குத்தவாளியா இல்லையான்னு நான் சொல்ல வரல, மத்த சாட்சியமும் இருந்துச்சு. ஆனா கணக்கு தப்புன்னு பின்னாடி தெரிஞ்சாலும் தீர்ப்பைத் திருப்புறது எவ்ளோ கஷ்டம்னு இதுல தெரியும். அதனாலதான் கணக்கை முதல்லயே சரியா போடணும்னு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கம் நிக்குற நாங்க மல்லுக்கு நிக்கிறோம்.

கென்னடி கேஸுக்கே திரும்ப வருவோம். கிடைச்ச ஈயத் துண்டுகளை அளந்த வின்சென்ட் கின்ங்கிற கெமிஸ்ட், 1978ல நாடாளுமன்றக் குழு முன்னாடி இதெல்லாம் ரெண்டே ரெண்டு குண்டோட துண்டுகள்தான்னு சொன்னார். ஆன்டிமனி அளவு சிலதுல பத்து லட்சத்துக்கு 800 பக்கத்துலயும், மத்ததுல 600 சொச்சத்துலயும் இருந்துச்சு, ரெண்டு கும்பலா பிரிஞ்சிருக்குன்னு வாதம். இந்த வகைக் குண்டுகள் ஒவ்வொன்னும் தனித்தனிக் கலவைன்னும் சொன்னார். 2007ல ஸ்பீகல்மன், டோபின் குழு அதே தயாரிப்புக் குண்டுகள் 30 எடுத்து அளந்து பார்த்தாங்க, அதுல ஒன்னு கொலையில கிடைச்ச துண்டோட ஒத்துப்போச்சு. எங்கயோ பெட்டியில கிடந்த குண்டு! அப்போ தற்செயலா ஒத்துப்போறது ஒன்னும் அபூர்வம் இல்ல, துண்டுகள் ரெண்டுக்கும் மேற்பட்ட குண்டுல இருந்தும் வந்திருக்கலாம். இங்க ஒரு எச்சரிக்கை, இதை வச்சு ரெண்டாவது ஆள் சுட்டான்னு நிரூபிச்சிட்டாங்கன்னு நிறைய பேர் பரப்புறாங்க, கட்டுரை அப்படிச் சொல்லல. இந்த கெமிஸ்ட்ரியை வச்சு இந்தக் கேள்விக்கு முடிவு சொல்ல முடியாதுன்னுதான் சொல்லுது.

அடிக்கடி நடக்குற இன்னொரு தப்பு, பெருக்குறது. 7 தனிமம், ஒவ்வொன்னும் பத்துல ஒரு குண்டோட ஒத்துப்போகும்னு வைங்க, ஏழையும் பெருக்கினா ஒரு கோடியில ஒன்னுன்னு வந்துடும், கேட்டா ஜூரி அசந்துடும். ஆனா பெருக்கணும்னா ஏழும் ஒன்னுக்கொன்னு சம்பந்தம் இல்லாம இருக்கணும். ஒரே பேட்டரிக் குவியல்ல இருந்து, ஒரே உருக்காலையில இருந்து வர்ற ஈயத்துல சில தனிமங்கள் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும், அப்போ ஏழு சாட்சி மாதிரித் தெரியுறது உண்மையில மூணு நாலு சாட்சிதான். மறுபக்கமும் உண்டு: ஒவ்வொரு தனிமத்துக்கும் 5 சதவீதத் தப்பு வரலாம்னு விதியை இறுக்கினா, ஏழையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரே குண்டோட ரெண்டு துண்டையே 30 சதவீதம் தடவை வேற வேறன்னு சொல்லிடுவோம். தளர்த்தினாலும் ஆபத்து, இறுக்கினாலும் ஆபத்து, எவ்ளோன்னு அளந்து சொல்றதுக்குத்தான் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்.

சரி, இதை ஒழுங்கா செய்யுறது எப்படி? கண்ணாடித் துண்டுகள் விஷயத்துல ஓரளவு நல்லா வளர்ந்திருக்கு. ஜன்னலை உடைச்சுத் திருடினவன் சட்டையில சின்னச் சின்னக் கண்ணாடித் துகள் ஒட்டியிருக்கும். முன்னாடி ஒளிவிலகல் எண், அதாவது கண்ணாடிக்குள்ள ஒளி எவ்ளோ வளையுதுங்கிற எண் மட்டும் பார்ப்பாங்க, ஆனா உருகின தகரத்து மேல மிதக்கவிடுற ஃப்ளோட் முறையில கண்ணாடி செய்ய ஆரம்பிச்ச பிறகு எல்லாக் கண்ணாடியும் கிட்டத்தட்ட ஒரே எண்ணுக்கு வந்துடுச்சு, பிரிச்சுப் பார்க்குற சக்தி குறைஞ்சு போச்சு. இப்போ லேசர் வச்சு சுரண்டி ஐசிபி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல விட்டு பத்துக்கும் மேல தனிமங்களை அளக்குறாங்க. உடைஞ்ச ஜன்னல்ல இருந்து குறைஞ்சது 9 அளவு எடுத்து, சராசரியில இருந்து 4 எஸ்டிக்குள்ள விழுதான்னு பார்ப்பாங்க, எஸ்டி ரொம்பச் சின்னதா வந்தா சராசரியில 3 சதவீதம்னு வச்சுப்பாங்க. எஸ்டியைச் சரியா கணிக்கத்தான் இவ்ளோ ஏற்பாடும். ஆனா இதுலயும் ஒரு குறை, 3.9 எஸ்டின்னா ஒத்துப்போகுது, 4.1ன்னா ஒத்துப்போகலன்னு கோடு கிழிச்ச மாதிரி முடிவு மாறும், சாட்சியத்தோட பலம் அப்படித் திடீர்னு மாறுமா?

அதுக்குத்தான் 1977லயே டென்னிஸ் லிண்ட்லிங்கிற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நிபுணர் கண்ணாடியை வச்சே வேற வழி காட்டினார். ரெண்டு சாத்தியத்தைப் பக்கத்துல பக்கத்துல வை: இந்தத் துகள் அந்த ஜன்னல்ல இருந்து வந்திருந்தா இந்த நம்பர் வர வாய்ப்பு எவ்ளோ, வேற ஏதோ ஒரு கண்ணாடியில இருந்து வந்திருந்தா இதே நம்பர் வர வாய்ப்பு எவ்ளோ? முதலாவதை ரெண்டாவதால வகு. அந்த விகிதம்தான் சாட்சியத்தோட எடை. சும்மா கணக்குக்கு, முதல் வாய்ப்பு 0.95, ரெண்டாவது 200ல ஒன்னுன்னா விகிதம் 190 வரும். ஐரோப்பாவுல பரிந்துரைக்குற அளவுகோல்ல 100ல இருந்து 1,000 வரைக்கும் ஓரளவு வலுவான ஆதரவுன்னு சொல்லுவாங்க, அவ்ளோதான்.

190னா 190 மடங்கு குத்தவாளின்னு எடுத்துக்கக் கூடாது, வக்கீல், பத்திரிகை, சில சமயம் நிபுணரே வழுக்கி விழுற இடம் இதுதான். அந்த ஊர்ல 10,000 பேர், இந்த ஆள் மேல வேற எந்த சாட்சியமும் இல்லைன்னா, 190ஐச் சேர்த்த பிறகும் இவர்தான்கிற வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழதான். அதே 190, ஏற்கனவே பாதிக்குப் பாதின்னு நிக்குற வழக்குல வந்தா 99 சதவீதத்தைத் தாண்டிடும். கெமிஸ்ட் சொல்ல வேண்டியது 190ங்கிறதை மட்டும், மத்த சாட்சியங்களை எடை போடுறது கோர்ட்டோட வேலை.

"ரெண்டாவது வாய்ப்பு எவ்ளோ"ங்கிற கேள்வியைக் கேக்காம விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு இங்கிலாந்துல நடந்த பர்மிங்காம் வழக்கு. 1974 நவம்பர் 21, ரெண்டு பப்ல வெடிகுண்டு வெடிச்சு 21 பேர் செத்துட்டாங்க. பெல்ஃபாஸ்டுக்குப் போக ரயில்ல வந்த அயர்லாந்துக்காரங்க சிலரைத் துறைமுகத்துல பிடிச்சு, கையைத் துடைச்சு கிரீஸ் டெஸ்ட்ங்கிற ரசாயன சோதனை பண்ணாங்க. நைட்ரோகிளிசரின் இருந்தா நிறம் மாறும். ரெண்டு பேருக்கு நிறம் மாறுச்சு, ஃபிராங்க் ஸ்கூஸ்ங்கிற லேப் நிபுணர், இவங்க வெடிமருந்தைத் தொட்டிருக்காங்கன்னு 99 சதவீதம் உறுதின்னு சாட்சி சொன்னார். ஆனா அவங்க ரயில்ல சீட்டு விளையாடிட்டு வந்திருந்தாங்க, சீட்டுக்கட்டு, வார்னிஷ் மாதிரிப் பொருட்கள்ல நைட்ரோசெல்லுலோஸ் இருக்கும். அதுவும் அதே டெஸ்ட்ல நிறம் மாத்தும்னு குற்றம் சாட்டப்பட்டவங்க தரப்பு நிபுணர் ஹியூ பிளாக் விசாரணையிலயே சொன்னார், எடுபடல. வெடிமருந்து தொடாத சாதாரண ரயில் பயணிகள்ல எத்தனை பேருக்கு நிறம் மாறும்? அந்த எண்ணிக்கை இல்லாம 99ங்கிற நம்பருக்கு எந்த அடிப்படையும் கிடையாது. இந்த வழக்குல தண்டனை வாங்கின ஆறு பேர் 16 வருஷம் உள்ள இருந்தாங்க, 1991 மார்ச்லதான் விடுதலை. போலீஸ் அடிச்சு வாங்கின வாக்குமூலமும் அந்த வழக்குல இருந்துச்சு, எல்லாப் பழியும் டெஸ்ட் மேல இல்ல, ஆனா வாக்குமூலத்தை ஜூரி நம்புனதுக்கு டெஸ்ட்டும் துணை நின்னுச்சு.

கண்ணாடியிலயும் இதே கேள்விதான், தனிமம் ஒத்துப்போறதோட அது நிக்காது. ஜன்னல் உடைக்காத ஆளோட சட்டையில சாதாரணமா எத்தனை துகள் இருக்கும்? சர்வே பண்ணிப் பார்த்திருக்காங்க, பெரும்பாலானவங்ககிட்ட ஒன்னும் இருக்காது, இருந்தா ஒன்னு ரெண்டு, ஒரே கண்ணாடியோட துகள் ஏழெட்டு சேர்ந்து இருக்குறது அபூர்வம். உடைச்சவன் சட்டையில ஒட்டினதும் சில மணி நேரத்துலயே பெரும்பகுதி உதிர்ந்துடும். அப்போ உடைச்சு அரை மணி நேரத்துல பிடிபட்டவன்கிட்ட ஒரே ஒரு துகள்தான் இருந்துச்சுன்னா, தனிமம் அச்சு அசலா ஒத்துப்போனாலும் அந்த சாட்சியம் சொத்தைதான். கெமிஸ்ட்ரி ரிப்போர்ட்ல இது எதுவும் தெரியாது.

அதனால நீங்க ஒரு ரிப்போர்ட்டைப் படிக்கிறப்போ "ஒத்துப்போகுது"ன்னு பார்த்ததும் நிறுத்திடாதீங்க. எத்தனை தடவை அளந்தாங்க, எந்த விதியை வச்சு ஒன்னுன்னு சொன்னாங்க, அந்த விதி தெரிஞ்ச சாம்பிள்கள்ல எத்தனை தடவை தப்பா ஒன்னுன்னு சொல்லுச்சு, ஒப்பிட வச்சிருக்குற தரவுத்தளம் எந்த ஊர் பொருட்களை வச்சு எந்த வருஷம் எடுத்தது, இதையெல்லாம் கேளுங்க. இதுல கடைசி கேள்விக்குத்தான் நிறைய இடத்துல பதில் வராது, பதில் வரலைன்னா அந்த ரிப்போர்ட்ல விகிதத்தோட கீழ்ப் பாதி காலியா கிடக்குதுன்னு எடுத்துக்கங்க.